பெல்லட் ஸ்மோக்கரில் சூடு நிலையாக நிற்க எந்தப் பெல்லட் வாங்குவது?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்ட் வாசகர், 2024 ஜூன் 1

அக்கா, மரத்தூள் பெல்லட்டை எரித்து அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை வேகவைக்கும் பெல்லட் ஸ்மோக்கர் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் ஒரு சமயம் 205 காட்டுகிறது, ஒரு சமயம் 260க்குத் தாவுகிறது. ஒரே எடை ஆட்டுத்தொடை ஒரு வாரம் ஐந்து மணி நேரத்தில் வெந்தது, அடுத்த வாரம் எட்டு மணி நேரம் இழுத்தது. கடையில் கேட்டால், "ஹிக்கரிதான் சூடு அதிகம், அதைப் போடுங்கள்" என்கிறார்கள். நண்பர் ஒருவர் ஓக்தான் ஒரே சீராக எரியும் என்கிறார். எந்த மரத்தை வாங்குவது?

ஜூன் 1, இரவு

மரத்தின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள் தம்பி. அது புகையின் மணத்துக்கு உதவும். சூடு நிலையாக நிற்பதற்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

விறகாக வாங்கும்போது ஹிக்கரிக்கும் ஆல்டர் என்ற லேசான மரத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே அளவு அடுக்கில் ஹிக்கரி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சூடு தரும், ஏனென்றால் அது கனமான மரம். ஆனால் பெல்லட் என்பது மரத்தூளைக் காயவைத்து, எஃகு அச்சில் உள்ள துளைகள் வழியாக அழுத்திப் பிதுக்கி எடுப்பது. அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. இப்படி அழுத்திய பிறகு லேசான மரமும் கனமான மரமும் ஏறத்தாழ ஒரே அடர்த்திக்கு வந்துவிடுகின்றன. எடைக்கு எடை பார்த்தால் ஒரு பவுண்டு ஹிக்கரியும் ஒரு பவுண்டு ஓக்கும் ஒரு பவுண்டு ஆப்பிளும் சூட்டை அளக்கும் அலகான பி.டி.யு.வில் 8,000ஐச் சற்றுத் தாண்டித்தான் தரும். கடைக்காரர் சொன்னது விறகுக்குப் பொருந்தும், பெல்லட்டுக்குப் பொருந்தாது.

அப்படியானால் உங்கள் ஸ்மோக்கரில் சூடு ஏன் ஆடுகிறது? பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டியான ஹாப்பரிலிருந்து அதை எடுத்துத் தீக்கிண்ணத்தில் போடுவது ஆகர் என்ற திருகு. அது எடை பார்த்துப் போடுவதில்லை. அரிசியைப் படியில் அளப்பது போல இடத்தை வைத்து அளக்கிறது. படி நிறைந்தால் போதும், உள்ளே எவ்வளவு எடை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெல்லட் ஒரே நீளமாக, இறுக்கமாக, தூசியில்லாமல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு விறகு விழும். ஒன்று அரை அங்குலம், ஒன்று இரண்டு அங்குலம், நடுவே தூள் என்று கலந்து கிடந்தால் ஒரு சுற்றில் நிறைய விழும், அடுத்த சுற்றில் கொஞ்சம்தான் விழும். சூட்டைப் பார்த்து ஆகரை இயக்கும் கன்ட்ரோலர் அந்த ஏற்ற இறக்கத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

எந்தப் பையில் என்ன மரம் என்பதை நாளைக்குப் பார்க்கலாம். இப்போது போய் ஹாப்பரில் கை விட்டு ஒரு பிடி எடுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். நீளம் எப்படி இருக்கிறது? தட்டின் அடியில் எவ்வளவு தூள் தங்குகிறது?

ஜூன் 2

இரவு எழுதியதற்குக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். "எல்லாமே அழுத்தின மரத்தூள்தானே, அதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

வீடு சூடாக்கும் அடுப்புகளுக்கான பெல்லட்டுக்கு அமெரிக்காவில் பெல்லட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட் தரம் வகுத்திருக்கிறது. அதில் மேல்தரம் என்றால் ஈரம் 8 சதவீதத்துக்குள், சாம்பல் 1 சதவீதத்துக்குள், பையில் உள்ள தூள் அரை சதவீதத்துக்குள், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளமானவை 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கொட்டி அளந்த அடர்த்தி ஒரு கன அடிக்கு 40 முதல் 48 பவுண்டு வரை இருக்கலாம். சமையல் பெல்லட் பைகளில் இந்த எண்கள் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது. ஆனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

அடர்த்திக் கணக்கைக் கவனியுங்கள். மேல்தரத்துக்குள்ளேயே 40க்கும் 48க்கும் 20 சதவீத வித்தியாசம். ஆகர் அதே வேகத்தில் சுற்றினாலும், ஒரு பையில் விழுவதைவிட இன்னொரு பையில் ஐந்தில் ஒரு பங்கு அதிக விறகு விழும்.

இதைக் கன்ட்ரோலரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ட்ரேகர் நிறுவன ஸ்மோக்கர்களின் பழைய கன்ட்ரோலர்களில் 'ஸ்மோக்' நிலையில் ஆகர் 15 விநாடி சுற்றும், பிறகு நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பி-எண் தீர்மானிக்கிறது. பி-0 என்றால் 45 விநாடி. எண் ஒன்று கூடினால் 10 விநாடி கூடும். ஆக, பி-2 என்றால் 65 விநாடி, பி-4 என்றால் 85 விநாடி. பி-2இல் மொத்த நேரத்தில் 18.75 சதவீதம் ஆகர் சுற்றுகிறது, பி-4இல் 15 சதவீதம். விழும் விறகு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதாவது நீங்கள் பை மாற்றினால், யாரோ உங்களுக்குத் தெரியாமல் பி-எண்ணை இரண்டு படி மாற்றிவைத்த மாதிரி ஆகலாம். புதிய பி.ஐ.டி. கன்ட்ரோலர்கள் சென்சாரைப் பார்த்து அடிக்கடி திருத்திக்கொள்வதால் இது அவ்வளவாகத் தெரியாது. பழைய வகை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லிட்டர் ஜக்கில் பெல்லட்டைக் கொட்டி, லேசாகத் தட்டி, மேலே சமன்படுத்தி, சமையலறைத் தராசில் வையுங்கள். கன அடிக்கு 40 பவுண்டு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 640 கிராம், 48 என்றால் 770 கிராம்.

ஜூன் 2, மாலை

ஒரு சிறு திருத்தம். ஜக் சிறியது என்பதால் சுவரை ஒட்டி இடைவெளி விழும், எடை கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அந்த 640, 770 எண்களை அப்படியே பிடித்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதே ஜக், அதே தட்டல், இரண்டு பைகள் என்று ஒப்பிடுவதுதான் இதில் பயன். நான் புதுப் பை பிரிக்கும்போதெல்லாம் ஜக்கின் எடையைப் பை மேலேயே மார்க்கரில் எழுதிவைக்கிறேன். அடுத்த முறை சூடு ஆடினால் பெல்லட்டைச் சந்தேகப்படலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜூன் 5

தூள் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் கணக்கில் சூட்டைக் கெடுப்பதில் முதல் இடம் தூளுக்குத்தான், ஈரத்துக்குக்கூட அடுத்த இடம்தான்.

பையைப் பிரித்து ஹாப்பரில் கொட்டும்போது முதலில் நல்ல பெல்லட்தான் விழும். பையின் அடியில் கடைசி நாலைந்து கை வரும்போது பாருங்கள், பழுப்பு நிறத்தில் மாவு போல ஒரு படலம் எழும். அதைத்தான் அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிடுகிறோம். ஹாப்பர் சரிவில் தூள் அடியில் போய்ப் படியும். பெல்லட் வழுக்கி இறங்காது. நடுவில் மட்டும் குழி விழுந்து, சுற்றிலும் பெல்லட் சுவர் போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் பாதி ஹாப்பர் நிறைந்திருக்கும், ஆகருக்கோ ஒன்றுமே கிடைத்திருக்காது. தீ அடங்கும், சூடு இறங்கும். கன்ட்ரோலர் பதறி ஆகரை இன்னும் வேகமாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்துச் சுவர் சரிந்தால் ஒரேயடியாகக் கிண்ணம் நிறையும். உங்கள் 205, 260 கதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நான் செய்வது: எட்டில் ஒரு அங்குலக் கண் உள்ள கம்பி வலையை ஒரு பழைய மரச்சட்டத்தில் அடித்து வைத்திருக்கிறேன். அடிப்பை பெல்லட் எல்லாம் அதில் சலித்த பிறகுதான் உள்ளே போகும். முதல் பாதியைச் சலிப்பதில்லை, தேவையுமில்லை. நீண்ட சமையல் நடக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஹாப்பர் மூடியைத் திறந்து நீளமான மரக்கரண்டியால் கிளறிவிடுகிறேன். கையை விட வேண்டாம், அடியில் ஆகர் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நடுவில் தீ அணைந்து, கிண்ணம் நிறையப் பெல்லட் குவிந்திருக்கும் நிலையில் அப்படியே மறுபடி பற்றவைக்காதீர்கள். முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். அந்த வாயு ஸ்மோக்கரின் பீப்பாய்க்குள் தேங்கி ஒரே நேரத்தில் பற்றினால் மூடி தூக்கி அடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலிசெய்து, பிறகு தொடங்குங்கள். இறைச்சியை அதற்குள் வீட்டு ஓவனுக்கு மாற்றிவிடலாம்.

ஜூன் 8

டல்லாஸிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "அடுப்புக்கான பெல்லட் விலை பாதிதான், தர எண்ணும் அச்சிட்டிருக்கிறது. அதையே போட்டால் என்ன?"

வேண்டவே வேண்டாம். அந்தப் பையில் பைன், ஃபர் போன்ற பிசின் மரங்கள் இருக்கலாம். மறுபயன்பாட்டு மரத்தின் தூளும் சேர்ந்திருக்கலாம், அதில் முன்பு என்ன பூசியிருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது வீட்டைச் சூடாக்கி, புகையைக் குழாய் வழியே வெளியே அனுப்பும் அடுப்புக்காகச் செய்தது. நம் ஸ்மோக்கரிலோ அந்தப் புகை இறைச்சி மேலேயே படிகிறது. தர எண் எரிவதைப் பற்றியது, உண்பதைப் பற்றியது இல்லை.

அடுப்புப் பெல்லட்டுக்கும் நம் பெல்லட்டுக்கும் குடும்ப உறவு இருப்பது உண்மைதான். பெல்லட் முதலில் வந்தது வீட்டு அடுப்புக்கு. ஒரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் வீட்டுச் சூடாக்கிகள் செய்துகொண்டிருந்த ஜோ ட்ரேகர்தான் 1980களில் அதை இறைச்சி சுடும் அடுப்புக்குக் கொண்டுவந்தார். திருகு, கிண்ணம், ஃபேன் எல்லாமே அங்கிருந்து வந்தவை.

ஜூன் 9

ஈரம். ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் ஓயாத தலைவலி.

நல்ல பெல்லட்டை எடுத்து ஒடித்தால் 'டக்' என்று ஒடியும். மேற்பரப்பு மெழுகு தேய்த்த மாதிரி மினுங்கும். ஈரம் குடித்தது மங்கலாக, கொஞ்சம் பருத்து, குறுக்கே மெல்லிய வெடிப்புகளோடு இருக்கும். ஒடித்தால் சத்தமில்லாமல் பிய்ந்து வரும். இன்னொரு சோதனை, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவது. நன்றாக அழுத்திய பெல்லட் தண்ணீரைவிட அடர்த்தியானது, அதனால் போட்ட உடனே மூழ்கும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை. மூழ்கியது சற்று நேரத்தில் தூளாகக் கரைந்துவிடும், அது எல்லாப் பெல்லட்டும் செய்வதுதான். அதைப் பார்த்து மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு பெரிய கடையில் தோட்டச் சாமான்கள் வைக்கும் திறந்த பகுதியில் அடுக்கியிருந்த பையைத் தள்ளுபடிக்கு வாங்கினேன். பையில் கிழிசல் இல்லை. ஆனால் பல பைகளில் காற்று வெளியேற ஊசித்துளைகள் உண்டு, அது வழியாக ஈரமும் உள்ளே போகும். பிரித்தபோது பெல்லட் விரலிலேயே நசுங்கியது. அன்றிலிருந்து கடையின் உள்ளே, தரையிலிருந்து உயரத்தில் அடுக்கிய பையைத்தான் எடுக்கிறேன். எடுக்கும்போது பையின் அடிமூலையை விரலால் அழுத்திப் பார்ப்பேன். மணல் மூட்டை மாதிரி நெகிழ்ந்தால் அங்கே தூள் சேர்ந்திருக்கிறது, வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

வீட்டில் ரப்பர் வளையம் வைத்த திருகு மூடியுள்ள ஐந்து காலன் வாளியில் கொட்டிவையுங்கள். சமைத்து முடிந்ததும் ஹாப்பரைக் காலிசெய்யுங்கள். ஹாப்பரில் விட்டுவைத்த பெல்லட் இங்கே ஆகஸ்டில் தானாகவே பருத்து, ஆகர் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகும். அதைச் சுத்தியலும் உளியும் கொண்டு நோண்டி எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜூன் 9, இரவு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஈரம் சூட்டைக் குறைப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன், ஆனால் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. 6 சதவீத ஈரமுள்ள பெல்லட்டையும் 10 சதவீத ஈரமுள்ளதையும் எடைக்கு எடை எரித்தால், நீரை ஆவியாக்கப் போகும் சூட்டையும் சேர்த்து, கிடைப்பது சுமார் 5 சதவீதம்தான் குறையும். கன்ட்ரோலர் அதை எளிதாகச் சரிக்கட்டிவிடும். ஈரத்தின் உண்மையான கேடு அதுவல்ல. ஈரம் பெல்லட்டின் பிடிப்பைத் தளர்த்துகிறது, அடர்த்தியைக் குறைக்கிறது, ஆகருக்குள் அரைபட்டுத் தூளாகவைக்கிறது. கடைசியில் நாம் மறுபடி அந்தத் தூளிடமே வந்து நிற்கிறோம்.

ஜூன் 15

கேட்டவரிடமிருந்து பதில்: "வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன் அக்கா. நீளம் பரவாயில்லை, தூள் கொஞ்சம் இருக்கிறது. சலித்துப் போட்டும் 240 வரை போகிறது."

அப்படியானால் பெல்லட்டின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். மூன்றைப் பாருங்கள்.

தீக்கிண்ணத்தில் சாம்பல். 20 பவுண்டுப் பையில் சாம்பல் அரை சதவீதம் என்றால் 45 கிராம், ஒன்றரை சதவீதம் என்றால் 136 கிராம். சாம்பல் லேசானது, அந்த 136 கிராம் நிறைய இடம் பிடிக்கும். கொஞ்சம் பறந்து வெளியேறினாலும் மீதி கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்து, தீ மூச்சுத் திணறும். பட்டை அதிகம் சேர்ந்த தூளில் சாம்பலும் அதிகம். நான் ஒரு பை தீர்ந்ததும் சாம்பல் வேக்யூமால் உறிஞ்சிவிடுவேன், அதுவும் முதல் நாள் சமைத்து மறுநாள் ஆறிய பிறகுதான். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் வேக்யூம் பை பற்றிக்கொள்ளும்.

சென்சார். பீப்பாயின் உள்சுவரில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. அதன் மேல் கொழுப்பும் புகைக்கரியும் படிந்தால் சூட்டைத் தாமதமாக உணரும். தாமதமாக உணர்ந்தால் கன்ட்ரோலரும் தாமதமாகத்தான் நிறுத்தும், அதற்குள் சூடு ஏறியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

காற்று. உங்கள் பின்முற்றத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் புகைபோக்கி இருந்தால் திருப்பிவையுங்கள்.

அப்புறம், 240 என்பது எங்கே அளந்தது? முகப்பில் தெரியும் எண் சுவரை ஒட்டிய சூடு. இறைச்சி இருக்கும் கம்பித்தட்டின் மேல் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஜூன் 16

இப்போது மரத்துக்கு வருகிறேன். சூட்டைத் தனியாகப் பிரித்துவைத்துவிட்டதால் இனி மணத்தைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம்.

பையின் முகப்பில் 'ஹிக்கரி' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல பைகளில் ஓக் அல்லது ஆல்டர்தான் அடிப்படை, அதில் ஒரு பங்குதான் ஹிக்கரி. '100 சதவீதம் ஹார்ட்வுட்' என்பது 100 சதவீதம் ஹிக்கரி என்று ஆகாது, பிசின் மரம் இல்லை என்பதோடு சரி. கலவை கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஓக் அடிப்படையாக இருப்பது நல்லதுதான், ஓக் புகை எதற்கும் ஒத்துப்போகும். என்ன கலந்திருக்கிறது என்பதை மறைக்காமல் அச்சிடும் பையை வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது. லம்பர் ஜாக் ஒரே மரப் பைகளையும் கலவைப் பைகளையும் தனித்தனியாக விற்கிறது. குக்கின்பெல்லட்ஸின் கலவைப் பையில் ஹிக்கரி, செர்ரி, மேப்பிள், ஆப்பிள் என்று நான்கையும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன். மணத்துக்காக எண்ணெய் சேர்த்த பெல்லட்டை நான் வாங்குவதில்லை. பையைத் திறந்ததும் தூக்கும் மணம் தீயில் நிற்பதில்லை.

என் வீட்டில் கோழிக்குச் செர்ரி, தோல் நல்ல செம்பழுப்பாக வரும். ஆட்டுக்குப் போஸ்ட் ஓக் என்ற ஓக் வகை. மத்திய டெக்ஸஸில், லாக்ஹார்ட், டெய்லர் பக்கமெல்லாம் அடுப்புகளில் எரிவது இந்தப் போஸ்ட் ஓக் விறகுதான். சால்மனுக்கு ஆல்டர், அது வடமேற்குக் கரையின் வழக்கம். பீக்கன் நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது, ஹிக்கரிக்கு நெருங்கிய உறவு, புகை அதைவிட மென்மை.

மெஸ்கீட் மரம் பற்றி ஒரு வார்த்தை. இது நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டும் ப்ரோசோபிஸ் இனம். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டு நல்ல அடுப்புக்கரி எடுப்பார்களே, அதே குணம் இதற்கும் உண்டு, கங்கு நின்று பிடிக்கும். ஆனால் புகை காரமானது. பத்து நிமிடத்தில் சுட்டு எடுக்கும் கறிக்கு அருமை. எட்டு மணி நேரம் அதில் வைத்தால் என் நாக்குக்குக் கசக்கிறது. எங்கள் வீட்டில் மற்றவர்கள் கசக்கவில்லை என்கிறார்கள், அதனால் இதில் உங்கள் நாக்கை நம்புங்கள்.

ஜூன் 22

இந்த இழையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நிலையான சூடு, நிலையான சூடு என்று நான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எவ்வளவு நிலை தேவை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பன்றித்தோள், ஆட்டுத்தொடை, பிரிஸ்கெட் என்ற மாட்டு மார்புக்கறி மாதிரி கனத்த துண்டுகளுக்கு 15 டிகிரி மேலும் கீழும் ஆடினால் ஒன்றும் ஆகாது. அவ்வளவு பெரிய இறைச்சித் துண்டின் உள்சூடு மிக மெதுவாக நகரும். அது உணர்வது சராசரியைத்தான். ஆகவே உங்கள் 240ஐ நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம் தம்பி. ஐந்து மணி நேரமா எட்டு மணி நேரமா என்ற வித்தியாசத்துக்குச் சராசரி எங்கே நின்றது என்பதுதான் காரணமாக இருக்கும். உள்சூடு 150, 160 டிகிரியை ஒட்டி வரும்போது மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், எண் மணிக்கணக்கில் நகராது. அந்தக் கட்டத்தில் சராசரி சற்றுக் குறைந்தாலும் நேரம் நிறைய இழுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆகர் நின்று நின்று சுற்றும் பழைய முறையில், புதுப் பெல்லட் விழும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கனன்று புகையும். பி.ஐ.டி. கன்ட்ரோலர் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் போட்டுச் சுத்தமாக எரித்துவிடுகிறது. சூடு அழகாக நிற்கும், புகை மணம் குறையும். அதனால்தான் சில நிறுவனங்கள் அதிகப் புகைக்கென்று தனிப் பொத்தான் வைத்துச் சூட்டைக் கொஞ்சம் ஆடவிடுகின்றன. நான் முதல் இரண்டு மணி நேரம் 200 டிகிரியில், கொஞ்சம் ஆடட்டும் என்று விட்டு, பிறகு 250க்கு ஏற்றுகிறேன். இறைச்சி குளிர்ந்து ஈரமாக இருக்கும்போதுதான் புகையை நன்றாகப் பிடிக்கும்.

நல்ல பெல்லட் எதற்கு என்றால், இந்த ஆட்டம் நான் வைத்த எல்லைக்குள் நிற்க வேண்டும், இரவு நான் தூங்கும்போது தீ அணையக் கூடாது. அதற்காகத்தான் சலிப்பதும் எடைபோடுவதும்.

ஜூலை 14

பெரில் புயல் 8ஆம் தேதி அடித்ததிலிருந்து இப்போதுதான் எழுத முடிகிறது. ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஃப்ரீசரில் இருந்த கறியை எல்லாம் சமைத்தாக வேண்டும், பெல்லட் ஸ்மோக்கரோ மின்சாரம் இல்லாமல் அசையாது. பக்கத்து வீட்டுக் கரியடுப்பில்தான் இரண்டு தெருக் கறியும் வெந்தது.

சிலர் பேட்டரி பெட்டி பற்றிக் கேட்டார்கள். பற்றவைக்கும் கம்பி முதல் சில நிமிடங்கள் ஏறத்தாழ 300 வாட் இழுக்கும். தீ பிடித்த பிறகு ஆகருக்கும் ஃபேனுக்கும் 50 வாட் போதும். ஆகவே சிறிய பேட்டரிகூட ஓட்டும், அந்த ஆரம்ப 300 வாட்டைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஏசி இல்லாமல் புழுங்கிய வீட்டில் திறந்து வைத்திருந்த அரைப் பை பெல்லட், புயலுக்கு முன்பு ஒடித்தபோது டக்கென்று ஒடிந்தது. இப்போது வளைந்து பிய்கிறது. திருகு மூடி வாளியில் இருந்தது அப்படியே இருக்கிறது. வாளி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இனி யோசிக்க வேண்டாம்.

ஜூலை 20

கேட்டவர் இரண்டு பைகளையும் எடைபோட்டு எழுதியிருக்கிறார். ஒரே ஜக்: பழைய பை 598 கிராம், புதுப் பை 671. பழையது 'ஹிக்கரி', புதியது 'ஓக்'. புதியதைப் போட்டதும் 218க்கும் 234க்கும் நடுவே நிற்கிறதாம். "அப்போ நண்பர் சொன்ன ஓக்தானே ஜெயித்தது?" என்று கேட்கிறார்.

இல்லை தம்பி. ஜெயித்தது அந்த 73 கிராம். அதே ஓக்கை வேறொரு ஆலை தளர்வாக அழுத்தி, வெளியே மழையில் அடுக்கிவைத்திருந்தால் உங்களுக்குப் பழைய கதைதான். நல்ல ஹிக்கரிப் பை ஒன்றையும் வாங்கி எடைபோட்டுப் பாருங்கள், அதுவும் இப்படியே நிற்கும்.

பழைய பையில் பாதி மீதி இருக்கிறது, என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப்போட வேண்டாம். கையில் நசுங்கும் அளவுக்கு ஈரம் குடித்திருந்தால் மட்டும் ஆகரில் விடாதீர்கள். ஒடித்தால் ஒடிகிறது, அடர்த்திதான் குறைவு என்றால் சலித்து எடுத்து, 400 டிகிரியில் கோழி சுடும் நாளில் போடுங்கள். அந்தச் சூட்டில் ஆகர் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். 20 டிகிரி ஆடினாலும் கோழித்தோல் மொறுமொறுப்பாகத்தான் வரும். இரவு முழுக்க வேகும் தொடைக்குப் புதுப் பை.